கரிமூட்டையில் ஒரு துணிக்கொடி

வில்லிவாக்கத்தில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் எஃப் பிளாக்கில், இரண்டாவது மாடியில் குடியிருந்த தணிகாசலம், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, தட்டில் நான்கு இட்லியை வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்க உட்காரும்போது, வெளியே வெயில் ஏறி, பள்ளிக்கூட வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அவன் வேலை செய்தது அம்பத்தூரில் ஒரு டயர் தொழிற்சாலையில்; அவன் பார்த்த வானம் சிலி நாட்டில். அங்கே ஒரு மலை உச்சியில் ஒரு கம்பெனி தொலைநோக்கிகளை நிறுத்தி வைத்து, எந்த ஊரில் இருப்பவரும் சந்தா கட்டிவிட்டு, முறை வரும்போது அவற்றை வேண்டிய பக்கம் திருப்பிப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தது. இங்கே இட்லி வேகும் நேரம் அங்கே நடுநிசி. பகலில் தூக்கம் பிடிக்காத மனிதனுக்கு இதைவிடத் தோதான ராத்திரி வேறு கிடைக்காது என்று அவன் அதில் சேர்ந்திருந்தான்.

எல்லோரும் வெளிச்சமான இடங்களுக்குத்தான் முறை போடுவார்கள். வளையம் போட்ட கிரகத்துக்கும், வண்ணப் புகை போலப் படரும் மேகங்களுக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். தணிகாசலம் கரிமூட்டையைக் கேட்பான். தெற்குச் சிலுவை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், பால்வீதியின் நடுவே யாரோ ஒரு மூட்டைக் கரியை இறக்கி வைத்துவிட்டு எடுக்க மறந்து போனதுபோல ஒரு கறுப்பு இருக்கிறது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைக் கேட்க ஆளில்லை என்பதால் அது கேட்ட நேரத்தில் கிடைத்தது, அவனுக்கும் அது போதுமாக இருந்தது.

பங்குனி மாதத்தில் ஒரு காலை அவன் வழக்கம்போல கரிமூட்டை இருக்கும் இடத்தின் எண்களைத் தட்டிவிட்டு, இரண்டாவது இட்லியைப் பிட்டான். தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பி ஐந்து நிமிடம் கண்ணை இமைக்காமல் திறந்து வைத்திருந்து, இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டது. அப்படி எடுக்கும் படத்தில் அசைகிற எதுவும் ஒட்டாது; அசையாமல் இருப்பது மட்டும்தான் விழும். பிறகு படம் வந்தது, மேலிருந்து கீழாக, பாய் விரிப்பதுபோல. முதலில் ஓரத்து நட்சத்திரங்கள் வந்தன, அப்புறம் கறுப்பு வந்தது, கறுப்புக்கு நடுவில் இடமிருந்து வலமாக, நடுவில் கொஞ்சம் தொய்ந்து, ஒரு கயிறு வந்தது, கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை, இரண்டாக மடித்துப் போட்டது. இரண்டு ஜாக்கெட். ஒரு வெள்ளைத் துண்டு. நீல நிறத்தில் ஓர் உள்பாவாடை, நாடா தொங்க. கடைசியில் பூப்போட்ட நைட்டி ஒன்று, அதன் வலப்பக்கத்தில் நைட்டிக்குச் சம்பந்தமே இல்லாத சாம்பல் நிறத்தில் ஒரு பாக்கெட். அந்த பாக்கெட் தணிகாசலத்தின் பழைய யூனிபார்ம் சட்டையிலிருந்து வெட்டி எடுத்தது. செல்போன் வைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்று அதை அவன் மனைவி சுகந்தி கையாலேயே தைத்திருந்தாள்.

வாயில் இருந்த இட்லியை அவனால் விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அது வாயிலேயே கரைந்து மாவாகும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்து, நான்கு வருடமாகத் தொடாமல் இருந்த மூன்றாவது தட்டில் கையை விட்டுத் துழாவினான். அந்த நைட்டி அங்கே இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது அது கரிமூட்டையில்தான் இருந்தது.

சுகந்தி நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் கீரை வாங்கி வருகிறேன் என்று ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு போனவள். அவளுடைய செருப்பு மட்டும் காசிமேட்டில் கடலுக்குள் நீளும் பாறைகளின்மேல், ஜோடியாக, கடலைப் பார்த்துக் கிடந்தது. உடம்பு கிடைக்கவில்லை. பொன்னேரியிலிருந்து வந்த அவளுடைய அண்ணன் மோகனசுந்தரம், தன் தங்கை தானாகச் செத்திருக்க மாட்டாள் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். தணிகாசலத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், அனுப்பினார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். கடைசியில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் எஃப் பிளாக் விடவில்லை. அவன் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொன்னதில்லை. அதேசமயம் அவன் வீட்டில் யாரும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் இல்லை. படியில் எதிரே வரும் பெண்கள் சுவரோரம் ஒதுங்கி, அவன் இறங்கிப் போன பிறகுதான் மேலே ஏறினார்கள்.

அதனால்தான் அன்றைக்கு அவன் அந்தத் தப்பைச் செய்தான். பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டு, "சுகந்தி உயிரோடு இருக்கிறாள்" என்று எழுதி, சந்தேகம் இருந்தால் அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று கரிமூட்டையின் எண்களையும் கீழே சேர்த்து அனுப்பிவிட்டான்.

முதலில் வந்தவள் எதிர்வீட்டுக் கஸ்தூரி. வாசலோடு நின்று பழகியவள், அன்று நேரே உள்ளே வந்து, மூக்குக் கண்ணாடியைப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அந்த நைட்டி எனக்குத் தெரியும் தம்பி. நைட்டிக்கு எதுக்குடி பாக்கெட்டு, நீ என்ன கண்டக்டரான்னு நாந்தான் கேட்டேன்" என்றாள். பிறகு அவள் பார்வை கயிற்றில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து போய் நின்றது. "ஐயையோ. உள்பாவாடைய இப்படியா போடுவா."

எஃப் பிளாக்கின் மொட்டை மாடியில் துணி காயப்போடுவதற்கு ஒரு முறை உண்டு. எந்தப் பெண்ணும் உள்ளே உடுத்துவதை வெளியே தெரியக் காயப்போட மாட்டாள். உள்பாவாடைக்கு மேலே துண்டு, அதற்கும் உள்ளே போடுவதற்கு மேலே புடவை, அதற்கு மேலே கிளிப். கல்யாணமாகி வந்த புதிதில் சுகந்திக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே கஸ்தூரிதான். அப்படி மூடிக் காயப்போட்டாலும், கொடியைப் பார்த்தே ஒரு வீட்டின் சங்கதியைச் சொல்லிவிட அந்த மாடியின் பெண்களால் முடியும். யார் வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார், யார் புருஷன் வேலைக்குப் போகவில்லை, எந்த வீட்டில் பெண் குளிக்காமல் நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பது அவர்களுக்குக் கொடியில் எழுதியிருக்கும். சுகந்தி ஒவ்வொரு மாதமும் போர்வையைத் துவைத்துக் கொண்டுபோய்க் காயப்போட்டபோதெல்லாம், இந்த மாதமும் இல்லையா என்று யாராவது ஒருத்தி, துணியை உதறிக்கொண்டே, அக்கறையாகக் கேட்பாள். பதினோரு வருடம் கேட்டார்கள்.

மறுநாளும் கரிமூட்டையில் கயிறு இருந்தது, துணிகள் மாறியிருந்தன. சந்தா கட்டிய ஒரு ஜெர்மன்காரர் அந்தப் படத்துக்குக் கீழே, இது செயற்கைக்கோள் போன தடம் என்று எழுதியிருந்தார். கம்பெனிக்காரர்கள், கண்ணாடியில் தூசி இருக்கலாம், துடைத்துவிடுகிறோம் என்று பதில் போட்டு, துடைத்தும் விட்டார்கள். அதற்கடுத்த நாள் துணிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அங்கே காற்று இல்லை போலிருந்தது. ஒரு முந்தானை நுனிகூட அசங்காமல், ஐந்து நிமிடமும் அப்படியே நின்று படத்தில் விழுந்தது. துணியைப் போட்டவள் மட்டும் விழவில்லை. அவள் நடமாடிக்கொண்டிருப்பாள், அசைகிற எதுவும் ஒட்டாது என்று தணிகாசலம் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னான். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவன் சொன்னதை நின்று கேட்டார்கள். மூன்று வீடுகளிலிருந்து அவனுக்குக் குழம்பு வந்தது.

பொன்னேரியிலிருந்து மோகனசுந்தரம் வந்தான். படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாப்ள, நாலு வருஷமா உன்ன கொலகாரன்னு ஊரெல்லாம் சொன்னேன். தப்புதான்" என்றான்.

"பரவால்ல மச்சான்."

"தப்புதான். ஆனா இப்ப எனக்கு அதவிட அசிங்கமா இருக்குது. செத்துட்டான்னு அழுதேன். இவ என்னடான்னா உலகமே பாக்குற எடத்துல பாவாடைய காயப்போட்டுக்கினு இருக்கா."

அதன்பிறகு அது எஃப் பிளாக்கின் அன்றாடக் காரியங்களில் ஒன்றாகிவிட்டது. சங்கத்தின் செக்ரட்டரி பாக்கியநாதன் தானும் சந்தா கட்டி, சங்க அறையில் இருந்த பெரிய டிவியில் கம்பியை இணைத்து, தினமும் காலை ஒன்பது மணிக்குப் படம் வருமாறு முறை போட்டு வைத்தார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பால் பாத்திரத்தை மூடிவிட்டு, காய்கறி நறுக்கும் தட்டோடு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் லாரி வரும் நாட்களில்கூட ஒருத்தி குடத்துக்கு நிற்க, மற்றொருத்தி படத்துக்கு வந்தாள். முதல் சில நாட்கள் அறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம்கூட எழவில்லை. படம் இறங்கி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்து முடிந்ததும் யாராவது ஒருத்தி ஒரு மஞ்சள் புடவையின் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு பழகிவிட்டது. பழகியதும் படிக்க ஆரம்பித்தார்கள்.

"நேத்து மஞ்சள், இன்னிக்கு அரக்கு. எங்கியோ வெளிய போய்ட்டு வந்திருக்கா."

"ஆம்பளத் துணி ஏதாச்சும் தெரியுதா பாரு."

"ஓரத்துல ஏதோ வெள்ளையா..."

"அது துண்டுடி. துண்டுக்கு ஏது ஆம்பள பொம்பள."

ஆண் துணி ஒருநாளும் இல்லை. அதில் பலருக்கு நிம்மதி இருந்தது, சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. பிறகு ஒருநாள், மூன்றாம் மாடிக்காரி ஒருத்தி, அவரைக்காயின் நாரைக் கிள்ளிக்கொண்டே, "போர்வை காயவே காணமே, கவனிச்சீங்களா" என்றாள். அறையில் எல்லாக் கைகளும் நின்றன. விரலை மடித்துக் கணக்குப் போட்டார்கள். பங்குனி போய் சித்திரை பாதி ஆகியிருந்தது. கணக்குப் போட்டு முடித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தணிகாசலம் பின்வரிசையில் நின்றிருந்தான். தன் மனைவியின் வயிற்றை, அதுவும் கரிமூட்டையில் இருக்கும் வயிற்றை, இத்தனை பேர் உட்கார்ந்து அளக்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதும் முழுதாக உறைக்கவில்லை. ஏதோ ஓர் ஆபீசில் தன் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டதுபோல மட்டும் இருந்தது.

"இதெல்லாம் கெடக்கட்டும். முதல்ல அந்தப் பாவாடைய மூடச் சொல்லணும்" என்றாள் கஸ்தூரி. "நம்ம பிளாக்கு பொம்பள. நாளைக்கு நம்மளத்தான் பேசுவாங்க."

எப்படிச் சொல்வது என்ற கேள்வி வந்தது. மாடிக்குப் போய்க் கத்தலாம் என்றார்கள். செக்ரட்டரி பாக்கியநாதன் மூக்கைச் சொறிந்துகொண்டு, இந்த நேரத்தில் கரிமூட்டை நம் தலைக்கு மேலே இல்லை, பூமிக்கு அந்தப் பக்கம், நேரே நம் காலுக்குக் கீழே இருக்கிறது என்று சொன்னார். அதனால் எல்லோரும் கீழே இறங்கி, பிளாக்கின் முன்னால் தரைக்கடியில் தண்ணீர் பிடித்து வைக்கும் சம்ப்பின் இரும்பு மூடியைத் தூக்கினார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனையோடு குளிர்ச்சி மேலே வந்தது. கஸ்தூரிதான் முதலில் முழங்காலிட்டுக் குனிந்தாள்.

"சுகந்தி. ஏய் சுகந்தி. கஸ்தூரி அக்கா பேசறேன். அதுமேல ஒரு துண்டப் போட்டு மூடுடி. எல்லாரும் பாக்கறோம்."

தண்ணீர் அவள் குரலை ஒருமுறை சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

மறுநாள் ஒன்பது மணிக்குப் படம் இறங்கியது. நட்சத்திரம், கறுப்பு, கயிறு. மாம்பழ மஞ்சள் புடவை. இரண்டு ஜாக்கெட். உள்பாவாடை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துண்டு. துண்டுக்குக் கீழே நீலத்தில் இரண்டு விரல் அகலம், நாடாவின் நுனி.

ஒருத்தியின் மடியிலிருந்த தட்டு சரிந்து கத்தரிக்காய்கள் தரையில் ஓடின. அவற்றை யாரும் எடுக்கவில்லை. மோகனசுந்தரம் கையெடுத்துக் கும்பிட்டான், யாரை என்று அவனுக்கே தெரியாமல். தணிகாசலம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். அவள் அங்கே இருக்கிறாள் என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டவர்களால், அவளுக்கு இங்கே பேசுவது கேட்கிறது என்பதைத் தாங்க முடியவில்லை.

தாங்க முடியாதது அரை மணி நேரம்தான். "சொன்னா கேக்குறா பாரேன்" என்று யாரோ சொன்னார்கள். அதோடு உடைந்தது. அன்று மத்தியானத்திலிருந்து சம்ப்பின் மூடி மூடப்படவே இல்லை. வரிசையாக வந்து குனிந்தார்கள். நான்கு வருடத்தில் பிளாக்கில் நடந்த கல்யாணங்களைச் சொன்னார்கள். திரும்பி வா என்றார்கள். வரும்போது அந்த அரக்குப் புடவை எங்கே எடுத்தது என்று சொல் என்றார்கள். மோகனசுந்தரம் பொன்னேரியிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து, "வீட்டுக்கு வந்துடும்மா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம், எதுக்குப் போன, யார்கூடப் போனன்னு மட்டும் சொல்லிடு" என்று தண்ணீரிடம் தேம்பினான். மூன்றாம் மாடிக்காரி குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "போர்வை ஏண்டி காயல" என்று கேட்டாள்.

தணிகாசலமும் ஒருநாள் போனான். வரிசை கலையட்டும் என்று காத்திருந்து, குனிந்து பார்த்தான். தன் முகம் தெரிந்தது, சொல்ல ஒன்றும் வரவில்லை, பின்னால் ஆள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கயிற்றில் துணி குறைந்தது. முதலில் உள்பாவாடை காணாமல் போனது, துண்டும் அதோடு போனது. அப்புறம் ஜாக்கெட். ஒருநாள் புடவை மட்டும் இருந்தது, ஓர் ஆளை மறைக்கிற அளவுக்கு அகலமாகப் பிரித்துப் போட்டு. ஒருநாள் நைட்டி மட்டும். பிறகு ஒருநாள் காலை கயிறு மட்டும் வந்தது. ஏழெட்டு கிளிப்புகள் அதில் ஒன்றையும் கவ்வாமல் உட்கார்ந்திருந்தன.

"ஊருக்குப் போயிருப்பா" என்றாள் ஒருத்தி.

"எந்த ஊருக்கு?"

"துவைக்காம சோம்பேறித்தனமா இருக்காளோ என்னமோ. மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பேச்சின் நடுவில் தணிகாசலத்தின் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. சங்க அறையில் அப்படி ஒரு வாசனைக்கு இடமே இல்லை. வெயில் படாமல் காய்ந்த துணியின் புளித்த வாசனை. சுகந்தி போவதற்கு முன்னால் சில மாதங்கள் அவன் வீடு முழுக்க அந்த வாசனைதான் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் சமையலறையில் நாற்காலி முதுகில், கேஸ் சிலிண்டரின்மேல், ஜன்னல் கம்பியில் அவளுடைய ஈரத்துணிகள் கிடக்கும். நாறுது, மாடியில கொண்டுபோய்ப் போட்டா என்ன என்று அவன் எரிந்து விழுந்தபோது, "மாடியில வெயில் இல்லைங்க" என்று அவள் சொன்னாள். அது சித்திரை மாதம். தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. அவன் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, தொழிற்சாலையில் நான்கு பேரிடம் சொல்லிச் சிரித்தான். அடுத்து அவள் கீரை வாங்கப் போனாள்.

கயிறு காலியானால் அடுத்து என்ன நடக்கும் என்பது அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வில்லிவாக்கத்திலிருந்து கிளம்பியவளுக்குக் கரிமூட்டைவரை போக வழி இருந்தது. கரிமூட்டையிலிருந்து கிளம்பினால் போக இடம் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் எழுந்து போய் டிவிக்கு முன்னால் நின்றான்.

"அது சுகந்தி இல்ல" என்றான். "சுகந்தி நாலு வருஷம் முன்னாடியே செத்துட்டா. வர ஞாயித்துக்கிழமை காரியம் பண்றேன். எல்லாரும் வந்துடுங்க."

டிவியில் கயிறு அப்படியே இருந்தது. மோகனசுந்தரம் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"உயிரோட இருக்கறவளுக்குக் கொள்ளி வெக்கிறியா? இன்னிக்கு வெக்கறவன் அன்னிக்கும் வெச்சிருப்ப. நான் சொன்னது சரியாத்தான் இருந்திருக்குது."

"அப்படியே வெச்சிக்குங்க மச்சான்" என்றான் தணிகாசலம். அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை.

படியில் ஏறும்போது எதிரே வந்த பெண்கள் மறுபடியும் சுவரோரம் ஒதுங்கினார்கள். அன்று சாயங்காலம் கஸ்தூரி அவன் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்ன தம்பி இது. ஒரு உசிரு. நாமளே கண்ணால பாத்தோம். இப்படிப் பண்ணா உங்களத்தான சந்தேகப்படுவாங்க."

"அக்கா, செத்தவ துணிய யாராச்சும் உத்து உத்துப் பாப்பாங்களா?"

"எதுக்குப் பாக்கறாங்க. தீட்டு."

"வீட்ல வெச்சிருப்பாங்களா?"

"கடல்ல விட்டுடுவாங்க. இல்ல தூக்கிக் குடுத்துடுவாங்க."

"செத்தவளப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

கஸ்தூரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே சம்ப் பக்கத்திலிருந்து யாரோ எதையோ கேட்டுச் சிரிக்கும் சத்தம் வந்தது. அது அடங்கும்வரை அவள் அசையவே இல்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒப்பாரி வெக்க ஆள் வேணும்ல" என்றாள். "நான் வெக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுப் பாறைகளுக்குப் பக்கத்தில், உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்கிற முறைப்படி, தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து படுக்க வைத்தார்கள். பிளாக்கே வந்திருந்தது. நம்பி வந்தவர்கள் குறைவு. முறை என்று ஒன்று நடக்கும்போது வராமல் இருக்க முடியாது என்று வந்தவர்கள்தான் அதிகம். மோகனசுந்தரம் கடைசிவரை வரமாட்டான் என்றுதான் நினைத்தார்கள். அவன் வந்தான். பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு புதுப்புடவையைக் கொண்டுவந்து புல்லின்மேல் போட்டு, போட்டபடியே குனிந்து தணிகாசலத்திடம் மட்டும் கேட்கும்படி, "அந்த பாக்கெட்டு உன் யூனிபார்ம் துணிதான மாப்ள" என்றான்.

"அந்தக் கலர்ல கம்பெனில ஆயிரம் பேருக்குக் குடுத்திருக்காங்க."

மோகனசுந்தரம் அவனைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

கஸ்தூரி ஆரம்பித்தாள். அவள் மாரில் அடித்துக்கொண்டு எடுத்த குரலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மடித்து வைத்த புடவை மடி கலையாமல் போனியே என்று பாடினாள், மாடிப்படி தேயத் தேய ஏறினியே, உனக்கு ஒரு முழம் வெயில் கொடுக்காமல் விட்டோமே என்று பாடினாள். அந்த வரியில் பிளாக்குப் பெண்கள் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து வட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். நடிக்க வந்த இடத்தில் அழுகை வந்துவிட்டதில் அவர்களுக்கே திகைப்பாக இருந்தது. தணிகாசலம் நெருப்பை வைத்தான். புல் சட்டென்று பிடித்து, புதுப்புடவையோடு சேர்ந்து எரிந்தது. அவளைப் பிளாக்கின் கண்ணிலிருந்து மறைக்கத்தான் அவன் வந்தான். தன் கண்ணும் அந்தப் பிளாக்கில்தான் இருக்கிறது என்பது நெருப்பு உயர்ந்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. இனி அந்தக் கயிற்றில் துணி வந்தாலும் அவனுக்குத் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது. நான்கு வருடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை என்று ஊர் பேசிய மனிதன், பாறையில் முட்டி தேய விழுந்து, குரல் கிழிய அழுதான். அவனைத் தூக்கிவிட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எஃப் பிளாக்கில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை: சுகந்தி செத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் கஸ்தூரி மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு பிளாக்கின் ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்கினாள். செத்தவள் துணிப் படத்தை வைத்திருக்கிற வீட்டில் நல்லது தங்காது என்று சொன்னாள். போனை நீட்டச் சொல்லி, அழிக்கும்வரை நின்று, அழித்த பிறகு தண்ணீர் தெளித்தாள். எண்களை எழுதி வைத்திருந்தவர்கள் கிழித்துப் போட்டார்கள். செக்ரட்டரி பாக்கியநாதன் சந்தாவை நிறுத்தி, டிவிக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஆள் வைத்து சம்ப்பின்மேல் சிமெண்ட் பலகை போட்டு, மோட்டார் குழாய்க்கு மட்டும் ஒரு துளை விட்டார். மூன்றாம் மாடிக்காரி இரண்டு நாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செத்தவளைப் பற்றிப் பேசாதே என்று அவள் மாமியாரே அடக்கிவிட்டார்.

தணிகாசலத்தின் சந்தாவில் இன்னும் சில வாரங்கள் மிச்சமிருந்தன. ஒருநாள் காலை அவன் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, மடிக்கணினியைத் திறந்தபோது அவனுடைய முறை தொடங்கியிருந்தது. சிலி நாட்டு மலையில் தொலைநோக்கி எங்கே திரும்ப வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. அவன் விரல்கள் பழக்கத்தில் இரண்டு எண்களைத் தட்டிவிட்டன. மூன்றாவதற்குப் போகாமல் அவற்றை அங்கேயே பிடித்து நிறுத்தினான். எதிர்வீட்டுக் கதவு திறந்து, கஸ்தூரி ஒரு கிண்ணத்தில் சட்னியோடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கிண்ணத்தை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் தட்டியதை அழித்துவிட்டு வியாழனைக் கேட்டான். அதிசயமாக அன்று வரிசையில் யாரும் இல்லை. படம் மேலிருந்து இறங்கியது. வெளிறிய ஆரஞ்சு நிறத்தில், குறுக்கே பட்டை பட்டையாக, உருண்டையாக ஒன்று. பக்கத்தில் ஒரே நேர்கோட்டில் நான்கு சின்னப் புள்ளிகள்.

கஸ்தூரி குனிந்து பார்த்தாள்.

"இதுல யாராச்சும் இருக்காங்களா தம்பி?"

"தெரியலக்கா."

"அப்ப மூடுங்க" என்றாள்.